கேசட்டில் ஏறாத நாற்பது நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் பேச்சுவாக்கில், கல்லூரிக் காலத்தில் நான் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்று உளறிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பத்திரங்களில் சர்வே எண் சரிபார்த்துக்கொண்டு, மூன்றரை மணி ஆனால் வடை வந்ததா என்று வாசலைப் பார்க்கிற வழுக்கைத் தலையன் நான். "அப்ப மெயின் கிட்டார் வாசிக்க வராதா சார்?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. இருந்தாலும் அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

பேஸ் கிட்டாருக்கு நான்கே கம்பிகள். பாட்டின் அடியில் கனமாக, நிதானமாக ஓடும் சத்தம் அதனுடையது. அது இருக்கும்போது தெரியாது, இல்லாதபோதுதான் தெரியும் என்று பேஸ் வாசிப்பவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்வார்கள். இல்லாதபோதும் தெரியாது என்பதே என் அனுபவம். கல்லூரியில் என்னைப் பாடகனின் தம்பி என்றும், பெட்டி தூக்க வந்தவன் என்றும் பலர் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒருவன் கேட்டான். முப்பது வருடங்களுக்கு மேலாக நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஓர் ஊர்த் திருவிழா மேடையில், நாற்பது நிமிடம், நான் வாசித்ததை எங்கள் டிரம்ஸ்காரன் கேட்டான். கேட்டு, அதைப் பிடித்துக்கொண்டே அவன் வாசித்தான். வாழ்க்கையில் என்னதான் செய்தாய் என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு என்னிடம் இருந்தது அந்த நாற்பது நிமிடம்தான். போன ஆவணியில் அதற்கும் ஆபத்து வந்தது.

நாங்கள் நான்கு பேர். லீடு கிட்டார் வாசித்தவன் தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடைக்காரரின் மகன். பாடியவன் ஆங்கில இலக்கியம் படித்தவன்; கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாடினால் கூட்டம் தெரியாது, பயமும் இருக்காது என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். டிரம்ஸ்காரன் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். வீட்டில் மானாவாரி நிலம், மாடுகள், ஓர் அக்கா. எங்களில் யாரும் முறையாகச் சங்கீதம் கற்றவர்கள் இல்லை. அவன் கைக்கு மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் திருவிழாக் கொட்டுக்காரர்கள் பின்னால் சுற்றிக் கெட்டுப்போனவன் என்று தன்னைப் பற்றி அவனே சொல்லிக்கொள்வான்.

ஒத்திகை ஜவுளிக்கடைக் குடோனில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில். நாலாபக்கமும் துணிப் பொதிகள். துணி சத்தத்தைக் குடித்துவிடும். எவ்வளவு அடித்தாலும் தெருவுக்குக் கேட்காது. அதனால்தான் கடைக்காரர் அனுமதித்தார். வெளிநாட்டுக் குழுக்களின் பழைய ராக் பாட்டுகளைக் கேசட்டில் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, ஆளுக்கொரு பகுதியாகப் பிடிப்போம். மற்ற மூவருக்கும் அவரவர் பகுதி காதில் விழும். என் பகுதி மட்டும் அந்தச் சின்ன டேப் ரிக்கார்டரில் தலைகீழாக நின்றாலும் கேட்காது. நான் உத்தேசமாக எதையாவது வாசித்துவைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ்காரன், தன் மாமாவின் லாரியிலிருந்த பெரிய ஸ்பீக்கரைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். டேப் ரிக்கார்டரோடு ஒயரை முறுக்கி இணைத்தான். "உன் ஆளு என்ன பேசுறான்னு இப்பக் கேளு மாப்ள" என்றான்.

கேட்டேன். இரண்டு வருடங்களாக நான் வாசித்துக்கொண்டிருந்தது பாதிக்கு மேல் தப்பு. மற்ற இருவரும் அதைக் கவனித்ததே இல்லை என்பது அதைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது.

ஒரு பெரிய வெளிநாட்டுக் குழு பெங்களூருக்கு வந்தபோது நான்கு பேரும் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே போனோம். மைதானத்தில் எங்களுக்குக் கிடைத்த இடத்திலிருந்து பாடுகிறவர் கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தார். முதல் பாட்டில் பேஸ் எழுந்தது. அது காதுக்கு வரவில்லை, நேராக நெஞ்செலும்புக்கு வந்தது. சட்டைப் பட்டன் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் மேடைப் பக்கம் போகக் கூட்டத்தை முட்டிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரன் மட்டும் என்னோடு நின்றான். ஏன் அழுகிறாய் என்று அவன் கேட்கவில்லை. "நீ வாசிக்கிறதும் இதுதான் மாப்ள. நம்ம பெட்டிதான் சரியில்ல" என்றான்.

பெட்டி என்று அவன் சொன்னது என் ஆம்ப்ளிஃபையரை. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் பிளைவுட்டில் அடித்துக்கொடுத்தது. கிட்டார், தேவாலயத்தில் வாசித்த ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. இரண்டும் சேர்ந்தால் உறுமல் மாதிரி ஏதோ ஒன்று வரும்.

இறுதியாண்டில் டிரம்ஸ்காரனின் ஊர் அம்மன் திருவிழாவுக்கு வரவேண்டிய இசைக்குழு கடைசி நேரத்தில் வரவில்லை. விழாக் கமிட்டியில் இருந்தவர்கள் அவன் சொந்தக்காரர்கள். "எங்க குழுவக் கூட்டியாறேன்" என்று வாய்கொடுத்துவிட்டான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலப் பாட்டு. ஊரில் அதை அவன் சொல்லவில்லை.

மதியமே போய்ச் சேர்ந்தோம். அவன் அக்கா எங்களுக்குச் சோறு போட்டார். அவனைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். எங்கள் மூவரிடமும் யார் என்ன வாசிப்பது என்று கேட்டுக்கொண்டே பரிமாறினார். என் முறை வந்தபோது பேஸ் என்றேன். "அது எப்பிடித் தம்பி இருக்கும்?" என்றார். எனக்குப் பசி. "சாயங்காலம் கேட்டாத் தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்தேன்.

மேடையில் ரேடியோ செட்காரர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஊர் முழுக்கத் தென்னை மரங்களில் அவர் கட்டியிருந்தது குழாய் ஸ்பீக்கர்கள். குழாயில் பாட்டு வரும், லீடு கிட்டார் வரும், கீழ்ச் சத்தம் மட்டும் வராது. "ஒங்க சத்தத்த ஊருக்கு விட முடியாது தம்பி" என்று வருத்தமாகத்தான் சொன்னார். என் பெட்டி மேடையிலேயே, டிரம்ஸ்காரனின் முக்காலிக்குப் பக்கத்தில், எனக்குப் பின்னால் இருந்தது. ஆகவே அந்தச் சாயங்காலம் என் வாசிப்பு கேட்கக்கூடிய தூரத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

பிள்ளையார் பாட்டு இல்லாமல் மேடை தொடங்கக் கூடாது. பாடகன் அதையும் ஓர் அம்மன் பாட்டையும் இரண்டு நாளில் மனப்பாடம் செய்து, உள்ளங்கையில் எழுதியும் வைத்திருந்தான். மூன்றாவதாக எங்கள் சரக்கைத்தான் எடுத்தாக வேண்டும். மைக்கைப் பிடித்து, "அடுத்து ஒரு மேல்நாட்டு பக்திப் பாடல்" என்றான். முன்வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நான்கு மேல்நாட்டு பக்திப் பாடல்களை அந்த ஊர் எந்தச் சந்தேகமும் இல்லாமல் கேட்டது.

ஐந்தாவது மேல்நாட்டுப் பாட்டின் நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த ஊர் அம்மனுக்கென்று ஓர் அடி உண்டு. கொட்டுமேளத்தில் அதை அடித்தால் அம்மன் யார்மேலாவது இறங்கும். அதனால் அதை மற்ற நேரத்தில் யாரும் அடிப்பதில்லை. டிரம்ஸ்காரனும் வேண்டுமென்று அடிக்கவில்லை. பாட்டின் தாளமும் அம்மனின் அடியும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன; சின்ன வயதிலிருந்து கேட்ட கை, தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. பெண்கள் பக்கத்தில் குலவை எழுந்தது. கூட்டம் விலகியது. அவன் அக்கா கூந்தல் அவிழ்ந்து ஆடிக்கொண்டு வந்தார்.

லீடு கிட்டார்க்காரன் அப்படி ஒன்றை நேரில் பார்த்ததில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்தான், கிட்டாரைச் சாய்த்து வைத்தான், இறங்கிப் போய்விட்டான். பாடகன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அவன் பின்னால் போனான். டிரம்ஸ்காரனின் கையும் தயங்கியது. கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் வந்து, "நிப்பாட்டிராதீக தம்பி. ஆத்தா மலையேறுற வரைக்கும் அடிங்க. பாதியில விட்டா ஆடுற பிள்ளைக்கு ஆகாது" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். மூன்றே சுரங்களை எடுத்துக்கொண்டு அந்த அடிக்குக் கீழே ஓடவிட்டேன்.

அதன்பிறகு நாற்பது நிமிடம் நாங்கள் இருவரும்தான். ஆள்காட்டி விரலில் கொப்புளம் கட்டி உடைந்தது. பெங்களூரில் அதிர்ந்த அதே நெஞ்செலும்பு அதிர்ந்தது. அவன் டிரம்ஸைப் பார்க்கவே இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொஞ்சம் முன்னால் போனால் வந்து சேர்ந்துகொண்டான். இழுத்துப் பிடித்தால் காத்திருந்தான். என் வாசிப்பை ஒரு மனிதன் இம்மி பிசகாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அன்றுதான் முதல்முதலாக நினைத்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. கீழே ஒரு பெண் மூச்சிரைக்க ஆடிக்கொண்டிருக்கும்போது மேடையில் இவ்வளவு சந்தோஷமாக இருப்பது சரிதானா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

கடைசியில் அக்காவுக்குத் திருநீறு பூசி, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தவர் தம்பி சாப்பிட்டானா என்று கேட்டாராம். ஊர்க்காரர்கள் டிரம்ஸ்காரனைத் தோளில் தூக்காத குறை. என்னிடம் ஒருவர் மட்டும் வந்து, "இம்புட்டு நேரம் நின்னுக்கிட்டே இருந்தீகளே, கால் வலிக்கலையா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அதுவே எங்கள் கடைசி மேடை. சாமி அடியை மேடையில் அடித்தது டிரம்ஸ்காரனின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தேர்வும் வந்துவிட்டது. லீடு கிட்டார்க்காரன் வெளிநாடு போனான், பாடகன் சென்னையில் பேராசிரியரானான். டிரம்ஸ்காரன் உசிலம்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டான். அவன் கல்யாணத்துக்குப் போனேன். பிறகு போனில் இரண்டு மூன்று முறை, "வாரேன் மாப்ள, ஒருநாள் கண்டிப்பா வாரேன்" என்று சொன்னேன். மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எண்கள் மாறின. எனக்கு வேலை, கல்யாணம், மகன், வீட்டுக் கடன். எல்லோருக்கும் இருப்பதுதான்.

இப்போது வீட்டில் நான் மட்டும். மனைவி பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகனோடு ஹைதராபாத்தில் இருக்கிறாள். ஆறு மாதம் என்று போனது இரண்டு வருடமாகிவிட்டது. அவள்மேல் குற்றமில்லை, குழந்தை அவளை விடுவதில்லை. மாலையில் வீட்டைத் திறந்தால் காலையில் நான் வைத்துவிட்டுப் போன காபி டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஏழு மணிக்கு அவள் போன் வரும். சாப்பாடு என்ன என்று கேட்பாள், சொல்வேன். பிறகு பேஸ் கிட்டாரை எடுத்து ஹெட்போனில் மாட்டிக்கொள்வேன். ஹெட்போனில் வாசித்தால் வெளியே கம்பி தட்டுகிற டிக் டிக் மட்டும்தான் கேட்கும். மாடியில் குடியிருப்பவர்களுக்கு நான் இதெல்லாம் வாசிப்பேன் என்பதே தெரியாது.

இரண்டு வருடம் முன்பு, நாங்கள் குடோனில் வாசித்த பாட்டுகளின் சொந்தக்காரர்களில் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், பெங்களூரில் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். சுற்றிலும் மகன் வயதுப் பிள்ளைகள். மரியாதையாக வழிவிட்டார்கள், ஒரு பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். பேஸ் எழுந்தபோது நெஞ்செலும்பு அதிரத்தான் செய்தது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே நின்றிருந்த பையன் மேடையைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பாட்டோடு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, இதற்கா இவ்வளவு செலவு செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போன ஆவணியில் லீடு கிட்டார்க்காரன் அப்பாவின் வீட்டை விற்க மதுரை வந்தான். சாமான்களை ஒழிக்கும்போது ஒரு கேசட் அகப்பட்டிருக்கிறது. அந்தத் திருவிழா மேடையில் தன் காலடியில் டேப் ரிக்கார்டரை வைத்து அவன் பதிவு செய்தது. இறங்கி ஓடியபோது அதை அணைக்கவில்லை. கேசட்டை ஒரு கடையில் கொடுத்து ஒலிக்கோப்பாக மாற்றி, எங்கள் மூவருக்குமான வாட்ஸாப் குழுவில் அனுப்பினான். டிரம்ஸ்காரனின் எண் யாரிடமும் இல்லை. "யாராச்சும் அவன்ட்டயும் சேத்துருங்கடா" என்று எழுதியிருந்தான்.

அன்று நான் சமைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பிள்ளையார் பாட்டில் நான் இருந்தேன். தூரத்தில், மெத்தைக்கு அடியிலிருந்து வருவதுபோல, ஆனால் இருந்தேன். அம்மன் பாட்டில் இருந்தேன். நான்கு மேல்நாட்டு பக்திப் பாடல்களிலும் இருந்தேன். கேசட்டின் இரண்டாம் பக்கம் அந்த ஐந்தாவது பாட்டு. டிரம்ஸ் மட்டும் வாசிக்கும் இடம் வந்தது, குலவை வந்தது, அடி மாறியது. நான் நுழைய வேண்டிய இடம் வந்தது. நான் இல்லை.

அந்தப் பக்கம் தீரும்வரை நான் இல்லை. டிரம்ஸ், கூட்டம், டிரம்ஸ். குழாய் ஸ்பீக்கரைக் குற்றம் சொல்ல முடியாது, முதல் பக்கத்தில் என் பெட்டியின் சத்தம் ஏறியிருக்கிறதே. நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். கீழ்ச் சத்தத்தை மட்டும் தூக்கிக் கேட்டேன். மேல்சத்தத்தை வெட்டிவிட்டுக் கேட்டேன். இருபது தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். குழுவில் பாடகன், "அடேய், இதுல பேஸ் எங்கடா" என்று ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று டிரம்ஸ்காரன் என்னைக் கேட்டானா இல்லையா? அதை அவனிடம்தான் கேட்க முடியும். சனிக்கிழமை காலை உசிலம்பட்டி பஸ் ஏறினேன்.

காயில் கட்டும் கடை எது என்று விசாரித்ததில் மூன்று சொன்னார்கள். இரண்டாவது கடையில், பனியனும் மூக்குக் கண்ணாடியுமாக ஓர் ஆள் கரி பிடித்த மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முடி முழுக்க நரைத்திருந்தது.

"என்ன மாப்ள, மோட்டார் எரிஞ்சு போச்சா?" என்றான்.

முப்பது வருடம் போகாதவன் வந்து நிற்கிறேன், அவ்வளவுதான் கேட்டான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். என் மகன், அவன் மகள்கள், என் வழுக்கை, அவன் சர்க்கரை எல்லாம் பேசி முடித்தோம். டிரம்ஸ் என்ன ஆனது என்று கேட்டேன். எப்போதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டானாம். கேசட் விஷயத்தைச் சொன்னேன். கடைசியில், சாதாரணமாகக் கேட்பதுபோல, அந்தக் கடைசிப் பாட்டில் என் சத்தம் மட்டும் பதிவாகவில்லை என்றேன்.

"எப்பிடி ஆகும்? பிளக்கத்தான் புடுங்கிட்டாரே" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் கம்பியை உருவிக்கொண்டே சொன்னான். அக்காவுக்குச் சாமி வந்ததும் ரேடியோ செட்காரர் மேடைக்கு ஏறினார். மேலே அம்மன் படத்தைச் சுற்றியிருந்த சீரியல் விளக்கு எரியவில்லை. ஆத்தா இறங்கி ஆடும்போது ஆத்தாவின் படம் இருட்டில் இருக்கலாமா? பிளக் போர்டில் இடம் இல்லை. என் பெட்டியின் பிளக்கை உருவி அதில் விளக்கைச் சொருகிவிட்டுப் போய்விட்டார்.

"அவருக்கு அந்தப் பெட்டி எதுக்குன்னே வெளங்கல மாப்ள. விளக்கு எரிஞ்சதும் ஊரே கும்புட்டுச்சு."

"அப்ப உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கல."

"நாப்பது நிமிசமும்?"

"ஆமா மாப்ள."

அன்றைய இரைச்சலில் பெட்டி ஊமையானது எனக்குத் தெரியவில்லை; நெஞ்செலும்பில் அதிர்ந்தது வயிற்றில் சாய்த்திருந்த கிட்டார்க் கட்டையும் அவன் டிரம்ஸும்தான். வேறொன்றுமில்லை. "பாத்துட்டு ஏன்டா சொல்லல?" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் கம்பியைக் கீழே வைத்தான். "சொன்னா நீ நிப்பாட்டிருவ. அந்தாளோட மல்லுக்கு நிப்ப. நீ கோவக்காரன். ஏற்கெனவே ரெண்டு பேரு எந்திரிச்சுப் போயிட்டானுக. நீயும் கையெடுத்துட்டீன்னா அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னால நான் ஒத்த ஆளு. கீழ அக்கா ஆடிக்கிட்டு இருக்கு, நிப்பாட்டுனா அதுக்கு என்னமும் ஆயிருமோன்னு ஒரு பக்கம். பயந்துட்டேன் மாப்ள. உன் கை ஓடுதான்னு பாத்துக்கிட்டே அடிச்சேன். அது ஓடுற வரைக்கும் எனக்கும் ஓடுச்சு."

"அதுக்கப்புறமாச்சும் சொல்லிருக்கலாம்ல. முப்பது வருசம்."

"கல்யாணத்துக்கப்புறம் நீ வரவே இல்லையே" என்றான். குறையாகச் சொல்லவில்லை.

டீ ஆறியிருந்தது, குடித்தேன். அக்கா எப்படி இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. போன வருடம் சித்திரையில் இறந்துவிட்டார் என்றான். சொல்லியனுப்ப என் எண் அவனிடம் இல்லை.

"அந்த டேப்ப எனக்கு ஒரு தரம் போடு" என்றான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். நான் போனில் அந்த இடத்துக்கு நகர்த்தி, ஹெட்போனை அவன் தலையில் மாட்டினேன். டிரம்ஸ்காரன் தன் பழைய வாசிப்பைக் கேட்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் விரல் ஒன்றுகூட அசையவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது.

"அக்கா பேசுது மாப்ள" என்றான்.

ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்தேன். டிரம்ஸுக்குப் பின்னால், குலவைக்கும் பின்னால், ஒரு பெண் குரல் மூச்சுவாங்கிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தது. மழை வரும், மாடு கன்று பிழைக்கும், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. இந்தப் பிள்ளைகள் என்றது மேடையில் மிச்சமிருந்த எங்கள் இருவரைத்தான். வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகக் கேட்டது. இருபது தடவைக்கு மேல் அதைக் கேட்ட எனக்கு அந்தக் குரல் ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை.

அவன் கையை நீட்டினான். ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னான், வைத்தேன்.